ஹவாய் மாலை உபகுழு

தென்பசுபிக் தமிழ்ப் பெருமன்றத்தில் எல்லோரும் நிர்வாகிகள். தலைவர் இருந்தார், உபதலைவர்கள் இருந்தார்கள், செயலாளர் இருந்தார், அவருக்கு ஓர் உதவிச் செயலாளர், அந்த உதவிக்கு ஒரு பதிலாள். பதவி ஒன்றும் இல்லாமல் வெறும் உறுப்பினனாக இருந்தவன் செல்வரத்தினம் ஒருவன்தான். ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபத்தில் கூட்டம் நடக்கும்போது தலைவர் ஏரம்பமூர்த்தி "பெருமக்களே" என்று கையை விரித்தால், அது இவனைத்தான். இவனும் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். நாள் முழுக்க ஒடாஹுஹு போர்வை ஆலையில் நிற்கிறவனுக்கு, பெருமக்களாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் அந்தச் சுகம் கெட்டது. அவனுடைய மனைவி யோகராணிக்கு விசா வந்துவிட்டது.

கலியாணம் முடிந்த கையோடு பிரிந்தவர்கள். மூன்று வருடமாக அவளைப் படத்தில் பார்த்துப் பார்த்து, இப்போது நினைவில்கூட அவள் படத்தில் இருப்பதுபோல அசையாமல்தான் வந்தாள். அது அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. விமான நிலையக் கதவு திறக்கிறபோது அவள் முதலில் தன்னைக் காணவேண்டும், அவளுடைய கையைப் பிடித்து நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். இதற்கு நியூசிலாந்து அரசாங்கம் தடை சொல்லவில்லை. விமானக் கொம்பனி தடை சொல்லவில்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பெருமன்றத்தில் 'ஹவாய் மாலை உபகுழு' என்று ஒன்று இருந்தது.

அந்த உபகுழு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். தலைவர் முந்தின வருடம் வான்கூவரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் வழியில் ஹொனலூலுவில் இறங்கினார். இறங்கியதும் ஒரு வரிசையைக் கண்டார். கழிப்பறை வரிசையாக்கும் என்று போய் நின்றார். அது ஒரு சுற்றுலாக் கொம்பனி தன் பயணிகளுக்காகப் போட்டிருந்த வரிசை. முன்னால் வந்ததும் ஒரு பெண் சிரித்தபடி அவருடைய கழுத்தில் வெள்ளைப் பூமாலை ஒன்றைப் போட்டுக் கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டாள். தலைவர் போன காரியத்தை மறந்துபோனார்.

"ஹொனலூலுவில் நான் யார் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை" என்று அவர் அடுத்த பொதுக்கூட்டத்தில் முழங்கினார். "சொல்லாமலே அறிந்துகொண்டார்கள். கடல் கடந்து நம் பெருமன்றத்தின் புகழ் பரவியிருப்பதை என் கழுத்தில் உணர்ந்தேன். அப்போதுதான் எனக்குள் ஒரு சிந்தனை. எனக்கே இப்படி ஒரு வரவேற்பு என்றால், என்னால் வரவேற்கப்படுகிறவன் எவ்வளவு பாக்கியசாலி."

கைதட்டல் எழுந்தது. முத்தத்தைப் பற்றித் தலைவரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார். அதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். ஹவாய் மரபின் உயிர்நாடி முத்தமே என்றாலும், நம் மரபில் அதற்குச் சமம் சந்தனப்பொட்டு என்று அந்தக் குழு கண்டுபிடித்தது. அன்று முதல் ஆக்லாந்தில் வந்திறங்கும் எந்தத் தமிழரையும் பெருமன்றத்தின் மாலை கழுத்தில் விழாமல் வெளியே விடுவதில்லை. மாலை விழுந்த அந்தக் கணத்திலிருந்து அவர் உறுப்பினர் என்றும் விதி எழுதினார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் அடுத்த கூட்டத்திலேயே ஏதாவது ஒரு பதவியை வாங்கிவிடுவார்கள். விதிகளை எழுதியவர் செயலாளர் விநாயகமூர்த்தி. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். ஒரு வாக்கியத்தில் போய் முடிகிற விஷயத்தை அவர் மூன்று உட்பிரிவாக்காமல் விடமாட்டார்.

தொடக்கத்திலேயே சில தடங்கல்கள் வந்தன. முதலில் வந்தவர் ஒரு எஞ்சினியர். மாலை விழுந்த கையோடு, நம் ஊரில் பண்புள்ளவர்கள் செய்வதுபோல, அதைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். ஹவாய் மரபில் போட்டவர் முன்னால் மாலையைக் கழற்றுவது பெரும் அவமதிப்பு. தலைவரின் முகம் கறுத்தது. வரவேற்பு செல்லாது என்று செயலாளர் அறிவித்தார். எஞ்சினியரைத் திரும்ப உள்ளே போய் மறுபடி வெளியே வரச் சொன்னார்கள். அந்தக் கதவு வெளியே வர மட்டும்தான் திறக்கும் என்று விளக்க ஒரு பொலிஸ்காரர் வரவேண்டியிருந்தது.

அடுத்தது அதைவிட மோசம். பாபகூராவில் மைத்துனர் வீட்டுக்கு வந்த ஒருவரைப் படம் எடுத்தபோது கமராவில் பிலிம் இருக்கவில்லை. வந்தவரை ஊருக்குக் காட்டாமல் விடலாமா? அவருடைய பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அவருக்குப் போட்ட அதே மாலையைக் காயவைத்துச் சட்டத்தின் மேல் சுற்றி, "நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்" என்று ஒரு வரியும் எழுதித் தாய்க்கு அனுப்பிவைத்தார்கள். ஊரில் செத்தவீடு நடத்தி எட்டுச் செலவும் முடித்துவிட்டுத்தான் டெலிபோன் எடுத்தார்கள். எடுத்தவர்களோடு கதைத்தது செத்தவரேதான்.

இதையெல்லாம் கண்ணால் கண்டிருந்த செல்வரத்தினம் நேரே தலைவரிடமே கேட்டுவிடத் தீர்மானித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவரின் வீட்டுக்குப் போனான். உட்காரச் சொன்னார், உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, யோகராணிக்கு மாலை வேண்டாம்" என்றான்.

"ஏன், அவ தமிழ்ப் பிள்ளை இல்லையோ?"

"தமிழ்தான். களைச்சு விழுந்து வருவா. நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"நீர் கூட்டிக்கொண்டு வந்தால் அதுக்குப் பேர் வருகை. நாங்கள் போனால்தான் வரவேற்பு." தலைவர் தேநீரை ஆற்றினார். "உம்மட மனுசியின்ர விசாவுக்கு ஆதரவுக் கடிதம் ஆர் தந்தது?"

"நீங்கள்தான்."

"அவவின்ர தம்பிக்கும் ஒண்டு கேட்டிருக்கிறீர்."

"ஓம் அண்ணை." யோகராணியின் தம்பிக்குப் பத்தொன்பது வயது. ஆமியும் இயக்கங்களும் மாறிமாறி மறித்துச் சோதனை போட்ட அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அந்த வயதில் ஒரு பையனை வீட்டில் வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான்.

"கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. பேனையை எங்கையோ வைச்சிட்டன். மனம் நிம்மதியாய் இருந்தால்தான் தேட வரும்" என்றார் தலைவர்.

செல்வரத்தினம் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

மாலை வாங்கிவரும் பொறுப்பையும் அவன் தலையிலேயே கட்டினார்கள். கட்ட வேறு தலை இல்லை. ஒடாஹுஹுவில் டெயரி என்கிற மூலைக்கடை நடத்தும் மங்கம்மா, ஃபிஜியிலிருந்து வந்தவர், பால் பாணோடு பூவும் கட்டி விற்பார். அவர் கார்னேஷன் பூவைக் கோத்துக்கொண்டே விசாரித்தார்.

"வர்றது யாரு?"

"என்ர மனுசி."

"உன் பொண்டாட்டியா? அப்ப நல்லா நெருக்கமாவே கட்டித் தர்றேன். நீ போடறப்போ அழகா இருக்கணும்."

"நான் போடேலாது அக்கா. விதியில இல்லை. உபகுழு உறுப்பினர்தான் மாலை போடலாம்."

மங்கம்மா ஊசியை நிறுத்திவிட்டு அவனைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க ஃபிஜியில யாரு வந்தாலும் வீட்டுக்காரங்க மாலையைப் போட்டு, வண்டியில ஏத்தி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோத்தைப் போடுவாங்க. அதுக்கு எதுக்குப்பா கமிட்டி?"

யோகராணியின் தம்பிக்குக் கேட்டிருந்த கடிதத்தைப் பற்றி அவன் சொன்னான்.

"கடிதம்தானே? நானும் எங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டாச் செல்லாதா? எங்களுக்கும் கடையில நிக்க ஆள் வேணும், ஆமா."

"பெருமன்றத்தின்ர முத்திரை இல்லாமல்..." என்று இழுத்தான். மங்கம்மா மறுபடி ஊசியை எடுத்தார். பூவை மட்டும் நெருக்கமாகக் கட்டினார்.

விமானம் வரும் நாள் காலையில் தெற்குக் குளிர்காற்று எலும்பில் இறங்கியது. பெருமன்றம் கோட்டும் சூட்டுமாகப் பதாகையோடு வந்து வருகைக் கூடத்தில் அணிவகுத்து நின்றது. முன்னால் ஒரு சிவப்பு நாடாவை இரு பக்கமும் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். தலைவர் நடுவில், மற்றவர்கள் பதவி வரிசையில். செல்வரத்தினத்துக்கு எல்லோருக்கும் பின்னால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இடம். நெஞ்சில் குத்திக்கொள்ளச் செயலாளர் ஓர் அட்டை கொடுத்தார். அதில் 'பயனாளி' என்று எழுதியிருந்தது.

அவனால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அறிவிப்புப் பலகைக்குப் போனான், வந்தான். 'தரையிறங்கியது' என்று எழுத்து விழுந்ததும் கதவுப் பக்கம் இரண்டடி எடுத்துவைத்தான். "பயனாளி அசையக்கூடாது" என்று செயலாளர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் தலைவரின் பெயர் கேட்டது. உச்சரிப்புக் கொஞ்சம் கடித்துத் துப்பியதுபோல இருந்தாலும் அவருடைய பெயர்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் தரமும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் ஆறுதலாகத் தகவல் மேசைக்குப் போனார். போனவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

"செல்வநாயகி வரேல்லை" என்றார். "பாபகூராவில கார் ஸ்டார்ட் ஆகேல்லையாம்."

வரிசை ஆடிப்போனது. செல்வநாயகி மகளிர் அணித் தலைவி. பெண்களுக்கு மாலை போடும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. ஆண் ஒருவன் பெண்ணுக்கு மாலை போட்டால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தலைவர் தன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு அதை அவசரமாக உபதலைவரிடம் கொடுத்தார். உபதலைவர் கலியாணம் ஆகாதவர். பாம்பைத் தொட்டவர்போல அதைச் செயலாளரிடம் தள்ளினார். கடைசியில் மாலை பதாகைக் கம்பத்தில் தொங்கியது.

"ஒரு பொம்பிளைக்கு இந்த உலகத்தில மாலை போடக்கூடிய ஆம்பிளை ஒருத்தன்தான்" என்றார் உபதலைவர் மெதுவாக. எல்லோரும் குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பினார்கள்.

செல்வரத்தினம் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். முதல் தடவையாக விதி தன் பக்கம் சாய்கிறதென்று நினைத்தான். பாவம்.

"அவர் நிர்வாகி இல்லையே" என்றார் செயலாளர். "உபகுழு உறுப்பினர்தான் மாலை போடலாம்."

"அப்ப இப்பவே உபகுழுவில சேர்ப்பம்" என்றார் தலைவர். "நான் பிரேரிக்கிறேன்."

"ஆட்சேபம்" என்று ஒரு குரல். பொருளாளர் தவராசா. பெருமன்றத்தில் எதிர்க்கட்சி வேண்டும் என்பதற்காகவே அவரைப் பொருளாளராக வைத்திருந்தார்கள். "செல்வரத்தினத்தையும் நிர்வாகி ஆக்கினால், எங்களுக்குச் சாதாரண உறுப்பினர் ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஆரை நிர்வகிக்கிறது?"

இவ்வளவு ஆழமான கேள்வி பெருமன்றத்தில் அதுவரை எழுந்ததில்லை.

"அவரின்ர மனுசி வந்தவுடன அவ உறுப்பினர்தானே" என்றார் உபதலைவர்.

"மாலை விழுந்தால்தான் உறுப்பினர்" என்றார் செயலாளர்.

"சரி, மாலையை அவர் போடட்டும்."

"நிர்வாகி ஆனால்தான் போடலாம்."

"ஆக்குங்கோவன்."

"ஆக்கினால் பெருமக்கள் இல்லாமல் போகும் எண்டுதானே தவராசா சொல்லுறார்."

பக்கத்தில் ஒரு சமோவாக் குடும்பம் நின்றது. கதவு திறந்து தங்கள் ஆள் வெளிப்பட்டதுதான் தாமதம், சின்னதும் பெரிதுமாக எல்லோரும் ஓடிப்போய், மிட்டாய்களைத் தாளோடு கோத்த மாலைகளைக் காது மறைய அவன் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்து அழுது, சிரித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தலைவர் அவர்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒழுங்கு இல்லாத சனம்" என்றார்.

மறுபடியும் கதவு திறந்தது. யோகராணி வந்தாள்.

மெலிந்திருந்தாள். மேலே யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, கீழே கசங்கிய நூல் சேலை. தள்ளுவண்டியில் ஒரு பெட்டி, கயிறு சுற்றியது. அவள் நடந்தாள், நின்றாள், கூட்டத்தில் தேடினாள். அசைந்தாள்! செல்வரத்தினத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. "ராணி" என்று கூப்பிட்டான், வாதச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. முன்னால் நின்ற கோட்டுகள் அவனை மறைத்தன.

"தங்கச்சி, அங்கேயே நில்லும்" என்று செயலாளர் கையை உயர்த்தினார். "நாடாவைத் தாண்டக் கூடாது. உம்மைப் பற்றித்தான் தீர்மானம் நடக்குது."

யோகராணி நின்றாள்.

"அண்ணை, விடுங்கோ" என்று பின்னாலிருந்து கெஞ்சினான் செல்வரத்தினம். 

"பொறும் ஐசே. உமக்காகத்தானே இவ்வளவு பாடு" என்றார் தலைவர் திரும்பாமலே. பிறகு, தீர்மானம் முடியும்வரை நேரம் வீணாகக் கூடாது என்று, கோட்டுப் பையிலிருந்து வரவேற்புரையை எடுத்தார்.

"துன்பக் கடலைக் கடந்து வந்த தாயே! இனி உனக்கு ஒரு குறையும் இல்லை. இனி உன்னை ஒருவரும் மறித்து நிறுத்தப்போவதில்லை. இது சுதந்திர மண். இங்கே நீ யாரைப் பார்த்தும் அஞ்சத் தேவையில்லை, ஏனென்றால் இங்கே நாங்கள் இருக்கிறோம்."

"தலைவர், நாடாவை விட்டுக் கொஞ்சம் பின்னுக்கு நிக்கச் சொல்லுங்கோ. படத்தில கால் வருது" என்றார் கமரா வைத்திருந்தவர்.

யோகராணி பின்னுக்குப் போனாள். கோட்டுப் போட்ட ஆண்களின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். நடுவில் ஒருவர் தாளைப் பார்த்து உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவளைச் சுட்டிக்காட்டி ஆளுக்காள் வாதாடினார்கள். யோகராணிக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. தள்ளுவண்டியிலிருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். குந்தியிருந்து கயிற்றை அவிழ்த்தாள். மூடியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஒன்றும் ஒளிக்கவில்லை என்று தெரியும்படி பக்கத்தில் வைத்தாள். உள்பாவாடைகளையும் எடுத்து வைத்தாள். கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பாஸ்போர்ட்டையும் பழைய அடையாள அட்டையையும் விரித்து ஒரு கையில் நீட்டிக்கொண்டு எழுந்து நின்று, மற்றக் கையால் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

வாசிப்பு நின்றது. செயலாளர் மட்டும் இன்னும் ஏதோ உட்பிரிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்; பிறகு அவரும் நிறுத்தினார்.

"உள்ளுக்கு வெள்ளைக்காரரும் பாத்திட்டினம் ஐயா" என்றாள் யோகராணி, பழகிப்போன குரலில். "நீங்களும் வடிவாப் பாருங்கோ. பாத்திட்டு விட்டால் காணும். வெளியில என்ர மனுசன் பாத்துக்கொண்டு நிப்பார்."

தலைவர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. "பாத்தீங்களோ" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். "கேக்காமலே திறந்து காட்டுறா. ஒழுங்கு எண்டால் இது. செல்வரத்தினம், உமக்கு நல்ல மனுசி வாய்ச்சிருக்கு ஐசே."

செல்வரத்தினம் கோட்டுகளை விலக்கிக்கொண்டு வந்தான். யாருடைய கால் மிதிபட்டதென்று பார்க்கவில்லை. நாடா நெஞ்சில் தடுக்கியது. அதோடு போனான், கம்பமும் பதாகையும் மாலையும் பின்னால் சரிந்து விழுந்தன. "பயனாளி, பயனாளி" என்று செயலாளர் கூப்பிட்டார். அவன் அவள் முன்னால் போய் நின்று கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டான். அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை நீட்டிய கை அப்போதுதான் மெதுவாகக் கீழே இறங்கியது.

இருவரும் குந்தியிருந்து துணிகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார்கள். மடிக்க நிற்கவில்லை. 

"தம்பி, யோசிச்சுச் செய்யும்" என்றது தலைவரின் குரல், தலைக்கு மேலிருந்து. "பேனை கிடைக்கிறதும் கிடைக்காததும் உம்மட கையில."

அவன் கயிற்றை இறுக்கினான். பெட்டியை ஒரு கையிலும் அவளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். காற்று உள்ளே அடித்தது. யோகராணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்; யாரும் பின்னால் வரவில்லை என்று நம்ப அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, உவை ஆர்?" என்று மெல்லக் கேட்டாள். "போக விட்டிட்டினமோ? எந்தப் பக்கத்து ஆக்கள்?"

செல்வரத்தினம் நின்று திரும்பிப் பார்த்தான். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், எல்லோரும் தெரிந்தார்கள். 

"ஒருத்தருமில்லை" என்றான். "வாரும், வீட்டை போவம்."